லியோட்டா சொல்லாமல் விட்ட இடம்

செய்தி வந்தபோது காலை பத்து பத்து. டூயி ஷிஃப்லெட் எட்டாம் எண் அறையில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். கரும்பலகைக்கு மேலே, அமெரிக்கக் கொடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியின் மூடியைக் கழற்றி அலமாரிமேல் வைத்துவிட்டு, திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளே இருந்த தூசியை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கட்டடம் முழுக்கத் தரைமெழுகு வாசனை.

தாழ்வாரத்தின் கோடியில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. லியோட்டா எடுப்பாள் என்று அவர் பேசாமல் இருந்தார். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தப் போனை எடுத்துக்கொண்டிருந்தது அவர் மனைவிதான். பிறகுதான் நினைவு வந்தது, இன்று அவளுக்கு லீவு. தேவாலயச் சபையின் சமையலறையில் குளிர்காலத்துக்கு பீன்ஸ் புட்டியில் அடைக்கும் நாள். அவளும் அவளுடைய அக்கா ஆர்வில்லாவும் வெயில் ஏறுமுன்பே கிளம்பிப் போயிருந்தார்கள்.

மணி நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியர் கர்ட்டிஸ் ஷோவால்ட்டர் வாசலில் வந்து நின்றார். டூயியைவிட மிகவும் இளையவர். எப்போதும் வாசலில் நின்றபடியே வேலையைச் சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று உள்ளே வந்து ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"டூயி, கீழ இறங்குங்க."

"இந்தா, இத மூடிட்டு வந்துர்றேன்."

"இல்ல. இப்பவே இறங்குங்க."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. டூயி இறங்கினார்.

ஆர்வில்லா பிற்பாடு சொன்னாள்: லியோட்டா வலிக்குது என்றுகூடச் சொல்லவில்லையாம். அடுப்புப் பக்கத்தில் நின்று, "இந்த வருஷம் பீன்ஸ் ஒரே நாரா இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

*

லியோட்டாவுக்கு ஊரில் முகத்தைவிடக் குரல்தான் பிரபலம். வளர்ந்து, மீசை வைத்து, கோழிப் பண்ணை லாரி ஓட்டுகிறவர்கள்கூட மளிகைக் கடையில் பின்னாலிருந்து அவள் குரலைக் கேட்டால் தங்களை அறியாமல் நிமிர்ந்து நிற்பார்கள். காலை மணி அடித்ததும் அவள் அலுவலக மைக்கின் பொத்தானை அமுக்குவாள். பள்ளியின் எல்லா அறைகளிலும் பெட்டி ஒரு தடவை கரகரக்கும். பிள்ளைகள் எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து, கொடியைப் பார்ப்பார்கள். லியோட்டா தேசத்துக்கான உறுதிமொழியைச் சொல்வாள், பிள்ளைகளும் கூடவே சொல்வார்கள். அது முடிந்த மூச்சிலேயே மத்தியானச் சாப்பாடு என்ன, எந்த பஸ் தாமதம், யாருக்குப் பிறந்தநாள் என்று வரிசையாக வரும்.

அந்த உறுதிமொழியில் ஓர் இடத்தில் பெட்டி ஊமையாகிவிடும். 'ஒரே தேசம்' என்று சொன்னதும் ஒன்றும் கேட்காது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு 'பிரிக்க முடியாத' என்று குரல் திரும்ப வரும். நடுவில் வரவேண்டிய 'கடவுளின் கீழே' என்ற இரண்டு சொல்லும் இருக்காது.

ஆசிரியைகள் புகார் சொன்னார்கள். பள்ளியின் பராமரிப்பு வேலை டூயியுடையது. அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனார். மூடியைக் கழற்றினார், வயர்களைச் சுரண்டினார், ஃப்யூஸை மாற்றினார். எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பழுதாவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் ஒருநாள் காலை அலுவலக வாசலில் சும்மா நின்று மனைவியின் உதடுகளைப் பார்த்தார். உதடுகள் அந்த இடத்தில் மூடிக்கொண்டன.

அன்று சாயங்காலம் வண்டியில் வீடு திரும்பும்போது கேட்டார்.

"லியோ, காலையில நீ ஏதோ ஒண்ண விட்டுட்டுச் சொல்ற மாதிரி இருக்கு."

"நீ வயரப் பாரு டூயி" என்றாள் லியோட்டா. சிரித்தாள். வெளியே ஆப்பிள் தோட்டங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர் மறுபடியும் கேட்கவில்லை.  சில கேள்விகள் முதல் வாரத்தில் கேட்காவிட்டால் பிறகு கேட்க முடியாமல் போய்விடுகின்றன. ஒவ்வொரு வருஷமும் கோடை விடுமுறைக்கு முன் ஏதாவது ஒரு புதிய ஆசிரியை, பெட்டி விட்டு விட்டு வருகிறது என்று சீட்டு எழுதி வைப்பாள். டூயி ஏணி போட்டு ஏறி, மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, மறுபடி மூடிவிட்டு வருவார். இருபது வருஷமாகப் பழுதில்லாத ஒன்றை அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் ஷோவால்ட்டர் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசை நிறைய, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த மூடிய பாத்திரங்கள். ஒன்றை நகர்த்திவிட்டுத்தான் தொப்பியை வைக்க இடம் கிடைத்தது.

"டூயி, ஒரு யோசனை. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்குத் தொண்டை கட்டிப் போச்சே, ஞாபகம் இருக்கா? அப்ப நல்லா ஆனதும் உறுதிமொழிய ஒரு டேப்ல பேசிக் குடுத்தாங்க. வராத அன்னிக்கு போட்டுக்கோன்னு. பள்ளி திறக்கிற அன்னிக்குக் காலையில அதப் போடலாம்னு இருக்கேன். கடைசியா ஒரு தடவ. ஸ்கூல் போர்டு ஆளுங்க வராங்க, பத்திரிகையிலிருந்து ஒருத்தர் வரார். நீங்களும் ஆர்வில்லாவும் வரணும்."

"வரோம்."

"ஒரு சின்ன விஷயம். டேப் ஒரு இடத்துல தேஞ்சு போயிருக்கு. 'ஒரே தேசம்'னு வந்ததும் கொஞ்சம் காலி. நம்ம மியூசிக் டீச்சர் கெட்டிக்காரி. சபை கிறிஸ்மஸ் நாடகத்துல லியோட்டா வசனம் வாசிச்ச டேப் அவகிட்ட இருக்காம். அதுலேருந்து அந்த ரெண்டு வார்த்தைய வெட்டி எடுத்து ஒட்டிடலாம்கிறா. அவங்க குரல்லயே இருக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

டூயி மேசையிலிருந்த ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறந்து, மூடினார்.

"டேப் தேயல கர்ட்டிஸ்."

"இல்ல, நான் கேட்டேனே."

"டேப் தேயல. பெட்டிங்களும் நல்லாத்தான் இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. அவதான் சொல்லல."

ஷோவால்ட்டர் அவரையே பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "நான் இந்த ஊருக்கு வந்த வருஷத்துலேருந்து புது ஸ்பீக்கர் வேணும் புது ஸ்பீக்கர் வேணும்னு போர்டுக்கு எழுதிக்கிட்டிருக்கேன்! நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? டேப் எடுத்தப்பகூட நான் மெஷினத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்!" சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன் சொல்லல அவங்க?"

"தெரியாது."

"நீங்க கேக்கலியா?"

"கேட்டேன். வயரப் பாருன்னா."

ஷோவால்ட்டர் எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே புல்வெளியில், அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பலகை நடப்பட்டிருந்தது. அதில் பெரிய எழுத்தில் அந்த இரண்டு சொற்கள் மட்டும். ஜூன் மாதக் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிமன்றம், பள்ளியில் சொல்லும் உறுதிமொழியில் அந்தச் சொற்கள் இருப்பது தவறு, அரசாங்கம் மதத்தில் கை வைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதிலிருந்து பள்ளத்தாக்கு முழுக்க வீட்டுக்கு வீடு அந்தப் பலகை முளைத்திருந்தது. டூயி சபை நிர்வாகத்தில் ஒரு டீக்கன். அவரே சுத்தியலால் அடித்து நட்டார். லியோட்டா தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "நேரா நிக்குதா பாரு, இடது பக்கம் சாயுது" என்று மட்டும் சொன்னாள்.

"வேற வருஷமா இருந்தா பரவால்ல டூயி" என்றார் ஷோவால்ட்டர், ஜன்னலைப் பார்த்தபடியே. "இந்த வருஷம் எல்லாரும் அந்த இடத்துக்குத்தான் காது கொடுப்பாங்க. என்ன சொல்வாங்க? இத்தன வருஷமா ஆபீசுக்குள்ளயே கடவுள் வேண்டாங்கற ஒருத்தி உக்காந்திருந்தா, நமக்குத் தெரியாமப் போச்சுன்னு சொல்வாங்க. செத்தவங்க வந்து பதில் சொல்ல முடியாது. ஒட்டிட்டா அவங்க பேரு பத்திரமா இருக்கும். ஒட்ட வேண்டாம்னா டேப்பே வேண்டாம், நானே சொல்லிடறேன். நீங்க சொல்றபடிதான். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அவர் போன பிறகு டூயி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஒட்டினால் அவள் பெயர் பிழைக்கும், ஆனால் அவள் வாயில் அவள் சொல்லாத சொல் இருக்கும். ஒட்டாவிட்டால் ஊர் வாயில் அவள் பெயர் இருக்கும். எது சரி என்று தெரிய வேண்டுமானால் அவள் ஏன் விட்டாள் என்று தெரிய வேண்டும். அவள் நம்பிக்கை இல்லாதவளா? சாப்பாட்டுக்கு முன் அவள் செய்யும் ஜெபத்தில் சூப் ஆறிவிடும். போதகருக்குச் சளிக் காய்ச்சல் என்றால், நோயாளிகளிடம் போய் உட்கார்ந்து ஜெபிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வாய் எப்படி அந்த இரண்டு சொல்லுக்கு மூடிக்கொண்டது? கோபமோ வருத்தமோ அல்ல; அவருக்கு முதலில் வந்தது ஆச்சரியம். நாற்பது வருஷம் ஒரே கட்டிலில் தூங்கிய ஒருத்தியைப் பற்றி, ஊருக்குப் புதிதாக வந்தவனைப்போல அவர் விசாரிக்க வேண்டியிருந்தது.

*

ஆர்வில்லா தன் வீட்டில் மீதி பீன்ஸைப் புட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை பாதியில் விட்டதை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வா. உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். உன்கிட்ட சரிபண்ணச் சொல்லி ஈஸ்டர்லேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்."

டூயி விஷயத்தைச் சொன்னார். ஆர்வில்லா ஆச்சரியப்படவில்லை. ஒரு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியுமே. என் காது என்ன செவிடா? ஏதோ எங்கப்பாவ நெனச்சுக்கிட்டுத்தான் விடறாள்னு நெனச்சேன்."

"உங்கப்பாவுக்கும் இதுக்கும் என்ன?"

"நீ எந்த ஊர் பாப்டிஸ்ட் டூயி? எங்க வம்சத்துல ஒருத்தர இங்கிலாந்து ராஜா காலத்துல, கவர்னர் சீட்டு இல்லாம பிரசங்கம் பண்ணினார்னு ஜெயில்ல போட்டாங்க. மனுஷன் ஜன்னல் கம்பி வழியா பிரசங்கம் பண்ணினாராம். எங்கப்பா அந்தக் கதையச் சொல்லாத கிறிஸ்மஸ் கிடையாது. வான்கோழி ஆறிப்போகும், கதை முடியாது."

"சரி."

"நானும் லியோட்டாவும் படிக்கிறப்ப உறுதிமொழில அந்த வார்த்தை கெடையாது. ரஷ்யாக்காரனுக்குக் கடவுள் இல்ல, நமக்கு உண்டுன்னு காட்டணும்னு வாஷிங்டன்ல சேர்த்தாங்க. டீச்சரம்மா போர்டுல புதுசா எழுதிப் போட்டாங்க. நாங்க வீட்டுல வந்து ஒப்பிச்சா, எங்கப்பா ஃபோர்க்கக் கீழ வச்சுட்டாரு. 'அது ஜெபம்மா. ஜெபம் பண்ணச் சொல்லி கவர்மெண்டு ஆர்டர் போட ஆரம்பிச்சா, நாளைக்கு எப்படிப் பண்ணணும்னும் ஆர்டர் போடும்'னாரு."

"அப்ப நீ ஏன் சொல்ற? சபைப் பிக்னிக்ல உன் சத்தந்தான் எல்லாருக்கும் மேல கேக்கும்."

"எனக்கு சத்தம் போடப் பிடிக்கும். எங்கப்பா சொன்னத எல்லாம் கேட்டிருந்தா நான் வேற சபை மெதடிஸ்ட்காரனக் கட்டியிருப்பேனா?" ஆர்வில்லா புட்டியின் மூடியை இறுக்கினாள். கை நின்றது. "ஆனா ஒண்ணு சொல்லட்டா? அது இல்ல காரணம். லியோட்டா ஆபீஸ்ல சேர்ந்தப்ப என் பசங்க அங்கதான் படிச்சாங்க. அப்பல்லாம் முழுசாத்தான் சொன்னா. எங்கப்பா உயிரோட இருந்தப்பவே சொன்னா. நடுவுல எப்பவோதான் விட்டுட்டா."

டூயி வண்டியில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு வருஷங்கள் எண்களாக நினைவில் இருக்காது. பள்ளிக் கூரை ஒழுகிய வருஷம், தாழ்வாரத்துக்கு ஓடு போட்ட வருஷம் என்றுதான் இருக்கும். முதல் புகார் வந்தபோது அவர் நிலவறையில் இருந்தார். கட்டடத்தைச் சூடாக்கும் பழைய கொதிகலனைப் பிரித்து வெளியே போட்டு, புதியது வருவதற்குத் தாமதமாகி, கட்டடமே குளிரில் நடுங்கிய இலையுதிர்காலம். கைகளில் கரியோடு அவர் மேலே ஏறி வந்து முதல் பெட்டியைத் திறந்தது அப்போதுதான். அந்தக் குளிரில் லியோட்டாவுக்கு என்ன நேர்ந்தது?

*

வியாழக்கிழமை டீனா சாண்ட்ரிட்ஜ் வந்தாள். ஊரில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். லியோட்டாவுக்கு முடி வெட்டுவது அவள்தான். சபையின் ஞாயிறு பள்ளியில் சின்ன வயதில் லியோட்டாவிடம் படித்தவளும்கூட. கோழியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட ஒரு பாத்திரத்தை மேசையில் வைத்தாள்.

"மிஸ்டர் டூயி, இது நூத்தியோராவது கோழியா இருக்கும், எனக்குத் தெரியும். சும்மா வாங்கி ஃப்ரீசர்ல போடுங்க."

"உக்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் லியோட்டாவின் தலைமுடியைப் பற்றிப் பேசினாள். கடைசி வரைக்கும் சாயம் போடச் சம்மதிக்கவில்லையாம். பிறகு தானாகவே சிரித்தாள்.

"ஒரு கதை சொல்லட்டா? எங்க வீட்டுல இன்னிக்கும் இத வச்சு என்னக் கிண்டல் பண்ணுவாங்க. ஞாயிறு பள்ளியில ஒரு நாள் மிஸ் லியோட்டா எங்களயெல்லாம் கேட்டாங்க, கடவுள் எங்க இருக்கார்னு. போதகர் பையன் இருக்கானே, அவன் மார்ல கை வச்சு 'இதயத்தில்'னான். நல்ல பேர் வாங்கறதுக்குன்னே பொறந்தவன். ஒருத்தி 'வானத்தில்'னா. என் முறை வந்துச்சு. நான் 'பெட்டியில'ன்னேன்."

"எந்தப் பெட்டி?"

"அதேதான் மிஸ் லியோட்டாவும் கேட்டாங்க. 'ஸ்கூல் பெட்டி மிஸ், கொடி பக்கத்துல இருக்குமே. நாங்க எழுந்து நின்னு நெஞ்சுல கை வச்சாத்தான் பேசுவார். மொதல்ல அவர் பேரச் சொல்வார், அப்புறம் மத்தியானம் என்ன சாப்பாடுன்னு சொல்வார்'னேன். அவர் குரல் எப்படி இருக்கும்னு கேட்டாங்க. 'உங்களது மாதிரியே இருக்கும்'னேன். கிளாஸே உருண்டு பொரண்டு சிரிச்சுது. போதகர் பையன் பெஞ்சுலேருந்து விழுந்தான்."

டூயியும் சிரித்தார். செய்தி வந்ததிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"லியோட்டா?"

"அவங்க மட்டும் சிரிக்கல. அதான் எனக்கு ஞாபகம். கையில சாக்பீஸ் வச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. நான் ஏதோ தப்பா சொல்லிட்டேன்னு அழ ஆரம்பிச்சுட்டேன். கிட்ட வந்து முட்டி போட்டு உக்காந்து, என் மூக்கத் தொடச்சுவிட்டு, 'தப்பு உன்னுது இல்லடி கண்ணு'ன்னாங்க. அப்ப யாரோடதுன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல."

டூயி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அது எந்த வருஷம் டீனா?"

"ஐயோ, எனக்கென்ன தெரியும்? ஒண்ணாங்கிளாஸ் படிச்சேன். ஸ்கூல்ல ஹீட்டர் இல்லாம எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டே பாடம் படிச்சோமே, உங்களுக்குத்தான் தெரியுமே, அந்த வருஷம்."

அவள் போன பிறகு அவர் பாத்திரத்தை ஃப்ரீசரில் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு நினைவு வந்தது. அல்லது நினைவு வந்ததாகத் தோன்றியது. சாப்பாட்டு மேசையில் லியோட்டா தலை குனிந்தாள், வழக்கமான ஜெபம் வரவில்லை. நீண்ட நேரம் மௌனம். அவளுக்குத் தலைவலி என்று நினைத்து அவரே ஆமென் சொல்லி, ரொட்டியை எடுத்துவிட்டார்.

பேசச் சொன்னது அரசாங்கம். கேட்டது ஆறு வயசுப் பிள்ளைகள். நடுவில் இருந்தது அவள் குரல். காலையில் பெட்டி கரகரத்ததும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள், அந்தக் குரல் கடவுளின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் மீன் துண்டும் சோளமும் என்றது. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

*

வெள்ளிக்கிழமை காலை ஷோவால்ட்டரின் அறையில் டூயி நின்றுகொண்டே பேசினார். டீனா சொன்னதைச் சொன்னார். ஷோவால்ட்டர் கேட்டு முடித்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அவங்க ரொம்ப பக்தியானவங்க, அதனாலதான் சொல்லல. இதுதானே?"

"அதுதான்."

"இத எப்படி டூயி பத்திரிகைக்காரன்கிட்ட விளக்குறது? அவன் அரைப் பத்திதான் எழுதுவான்."

"விளக்க வேண்டாம். இருக்கிற மாதிரியே போடுங்க."

"யாராவது கேட்டா?"

"என்கிட்ட அனுப்புங்க. டீக்கன் நான். எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். அவ பேரு கெடறதும் கெடாததும் நான் பாத்துக்கறேன். அவ வாயில மட்டும் எதையும் ஒட்டாதீங்க."

 ஷோவால்ட்டர் மேசை இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து, இருவருக்கும் நடுவில் வைத்தார். "மியூசிக் டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கறேன். பாவம், அவ ஆசையா இருந்தா."

*

பள்ளி திறந்த அன்று அலுவலகம் கொள்ளாத கூட்டம். போர்டு ஆட்கள், கழுத்தில் கேமரா தொங்கிய பத்திரிகைக்காரர், நல்ல உடையில் ஆர்வில்லா. லியோட்டாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. டூயி உள்ளே நிற்கவில்லை. வழக்கம்போல் தாழ்வாரத்துக்குப் போய், சுவரில் சாய்ந்து நின்றார்.

பெட்டி கரகரத்தது. அறைக்கு அறை நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம். பிறகு லியோட்டாவின் குரல், கொஞ்சம் கரகரப்பாக, தொண்டை அப்போதுதான் தேறியிருந்த குரல். பிள்ளைகள் கூடவே சொன்னார்கள்.

'ஒரே தேசம்.'

பெட்டி ஊமையானது. இத்தனை வருஷமும் டூயி அந்த இடத்தில் பெட்டியைத்தான் கவனித்திருந்தார், ஏன் சத்தம் வரவில்லை என்று. அன்றுதான் அறைகளைக் கேட்டார். சின்னப் பிள்ளைகளின் அறையிலிருந்து அந்த இரண்டு சொல்லும் கத்தலாக வந்தது. எதிர் அறையில் பாதிப் பேர் சொன்னார்கள், பாதிப் பேர் சும்மா இருந்தார்கள். கோடி அறையில் ஒன்றுமே இல்லை. அங்கே ஒரு பிள்ளை இருமியது. எங்கோ ஒரு குரல் மட்டும் தாமதமாக, லியோட்டா அடுத்த சொல்லுக்குப் போன பிறகு, அவசரமாகச் சொல்லி முடித்தது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒவ்வொரு மாதிரி வந்தது. டூயி தன் கை நெஞ்சில் இருப்பதைக் கண்டார். தானும் சொல்லியிருந்தார், மெதுவாக. அது அவருடைய சொந்தக் குரலாக இருந்தது.

உறுதிமொழி முடிந்தது. ஷோவால்ட்டர் டேப்பை நிறுத்த மறந்துவிட்டார் போலிருக்கிறது. பெட்டியில் ஒரு செருமல். பிறகு எல்லா அறைகளிலும் லியோட்டா சொன்னாள்: "ஆச்சா? அவ்வளவுதான். அந்தச் சிவப்பு பட்டன அமுக்கு கர்ட்டிஸ். அது இல்ல, சிவப்பு."

பள்ளி முழுக்கச் சிரித்தது.

அவர் அலுவலகத்துக்குத் திரும்பியபோது போர்டு ஆள் ஒருவர் தொப்பியைக் கையில் சுழற்றியபடி, "டேப்பு கொஞ்சம் பழசோ? நடுவுல ஒரு இடம் போயிருக்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஷோவால்ட்டர் டூயியைப் பார்த்தார். டூயி வாயைத் திறப்பதற்குள் ஆர்வில்லா முந்திக்கொண்டாள்.

"டேப்பு நல்லாத்தான் இருக்கு. அந்த இடத்த என் தங்கச்சி உங்களுக்குன்னு விட்டு வச்சா. நீங்க சொன்னீங்களா இல்லியா?"

"நான்... சொன்னேன்."

"அப்ப என்ன குறைஞ்சு போச்சு?"

மனிதர் தொப்பியைச் சுழற்றுவதை நிறுத்தினார். பத்திரிகைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவைத் துடைத்தார்.

ஊர் பேசாமல் இருந்துவிடவில்லை. முடிதிருத்தும் கடையில் பேச்சு வந்ததாக டீனா சொன்னாள். வந்த பேச்சுக்கெல்லாம் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொன்னாளாம். சபையில் ஒரு குடும்பம் சில வாரங்கள் டூயியின் வரிசையில் உட்காரவில்லை, பிறகு உட்கார்ந்தது. கேட்க வந்த இரண்டு பேரிடம் அவர் பெட்டிக் கதையைச் சொன்னார். ஒருவர் தலையசைத்தார். இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அஞ்சல் பெட்டிப் பக்கத்துப் பலகையை அவர் பிடுங்கவில்லை. அவர் நம்புகிற சொற்கள்தான் அவை, அவருடைய சொந்தப் புல்தான். இடது பக்கம் சாய்ந்திருந்ததை மட்டும் நிமிர்த்தி வைத்தார்.

எட்டாம் எண் அறையின் பெட்டி திறந்தபடியே இருக்கிறது. நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உள்ளே ஒரு காகிதக் கூம்பும் இரண்டு வயர்களும் தெரியும். மூடி அலமாரிமேல் கிடக்கிறது. அதன் திருகாணிகள், செய்தி வந்த அன்று டூயி போட்டிருந்த வேலைச் சட்டையின் பையில், வீட்டுச் சலவை அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன.